தோட்டம் போய், தாமான் வந்து, இப்போது பூங்கா

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம். மாவட்ட மன்றத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே ஒரு தாங்கியில் பெரிய வரைபடம். பக்கத்து மேசையில் கறிபாப், கேசரி, தே ஓ. பழைய தோட்டத்துத் திடலையும் அதை ஒட்டிய நிலத்தையும் சேர்த்து 5 ஏக்கரில் பூங்கா வரப்போகிறது, கருத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். வரைபடத்தில் மரங்கள் எல்லாம் ஒரே அளவுப் பச்சை வட்டங்கள். பள்ளிப் பிள்ளை கவராயம் வைத்துப் போட்டதுபோல வரிசையாக நின்றன.

முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இன்னமும் குடியிருக்கும் ஏழெட்டுக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஒரு வட்டத்தின்மேல் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுதானே நம்ம மழைமரம்?" நானும் குனிந்து பார்த்தேன். மழைமரம் நிற்கிற இடத்தில் படத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது. பாட்டி தொட்டது அதிலிருந்து நாற்பது அடி தள்ளி, இனிமேல்தான் நடப்போகிற ஏதோ ஒரு கன்று.

இரண்டு மணி நேரம் பேசினோம். பெரும்பாலும் ஊஞ்சலைப் பற்றியும் ஃபுட்சால் திடலைப் பற்றியும்தான். அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும்.

தமிழில் தோட்டம் என்றால் பூவும் காயும் விளைகிற இடம்; மலேசியத் தமிழனுக்கு அது எஸ்டேட். மலாயில் தாமான் என்றால் பூங்கா, ஆனால் வீடமைப்புப் பகுதிகள் பலவும் அந்தச் சொல்லைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதால் "எந்தத் தாமான்ல இருக்கீங்க?" என்றுதான் விலாசம் விசாரிக்கிறோம். தோட்டத்தில் பிறந்து, தாமானுக்குக் குடிமாறி, இப்போது பூங்கா கேட்டு மனுப் போடுகிறோம். அகராதியில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு தோட்டப் பட்டணம். ஒரே தெரு, இரண்டு பக்கமும் கடை வரிசை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி, போலீஸ் நிலையம், சுற்றிலும் பால்மரக்காடு, அதாவது ரப்பர். தோட்டத்துக்குள்ளே போனால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, அப்புறம் திடல். பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். நான்கு மணிக்கெல்லாம் திடலில் பந்து உருளும். திருவிழா முடிந்த மறுநாள் இரவு இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவார்கள். திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான்.

திடல் நம்முடையது என்றே நினைத்திருந்தோம். அது கம்பெனியுடையது. துரை மனது வைத்தால் புல் வெட்டப்படும், இல்லாவிட்டால் மாடு மேயும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்சாலைக்குத் தார், விளக்கு, குப்பை லோரி எதற்கும் மன்றம் பொறுப்பேற்காது. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பம் எனும் மலாய்க் கிராமங்களுக்கும் நிலக்குடியேற்றத் திட்டங்களுக்கும் போன கிராம மேம்பாட்டுப் பணம் தோட்டத்து வேலியோடு நின்றுபோனதற்கும் இதுவே காரணம். பொதுநிலம் என்ற ஒன்றோடு எங்களுக்குப் பழக்கமே இல்லாமல் போயிற்று. அந்தப் பழக்கமின்மைதான் அன்றைக்கு மண்டபத்திலும் உட்கார்ந்திருந்தது.

நிலம் கைமாறினால் என்ன ஆகும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாததல்ல. 1950களின் கடைசியிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதை எதிர்கொள்ளத்தான் 1960இல் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பின்னால் சட்டமும் வந்தது. இன்றைக்கு 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்க வேண்டுமானால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. ஆனால் வாரியம் பார்ப்பது விற்பனையை. திடலை யார் வைத்துக்கொள்வது என்பது அதன் கவலை இல்லை.

பால்மரம் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. லயங்கள் காலியாயின. தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனது. பூங்காக் கதை தொடங்குவது இங்கேதான்.

விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றி வீடு கட்ட வரும் மேம்பாட்டாளர், திட்டப் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நகர், கிராமத் திட்டமிடல் இலாகாவின் வழிகாட்டி. சாலையைப்போல அதையும் மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 40 ஹெக்டரில் வீடு கட்டினால் 4 ஹெக்டர் வர வேண்டும். நாடு தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு இன்னொன்று இருக்கிறது: 1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி. 6,000 பேர் வாழும் ஒரு சிறு பட்டணத்துக்கு அப்படிப் பார்த்தால் 12 ஹெக்டர், அதாவது பதினாறு பதினேழு பந்துத் திடல். உங்கள் ஊரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணும்போது இன்னொன்றையும் பாருங்கள், அந்த 10 விழுக்காடு எங்கே விழுந்திருக்கிறது என்று. வீடு கட்டி விற்கத் தோதான மேட்டுநிலம் வீடாகிவிடும். முக்கோணமாய் மிஞ்சிய மூலை, மின்கம்பிப் பாதையை ஒட்டிய துண்டு, சரிவு, மழைநீர்த் தேக்கக் குளத்தின் கரை, இவை பச்சை ஆகிவிடும். இந்தக் குளங்களைக் குறை சொல்ல மாட்டேன். 2001இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா புதிய கையேடு கொண்டுவந்தது முதல், மழை வெள்ளத்தைத் திட்டத்துக்குள்ளேயே தேக்கி மெதுவாக வெளியே விட வேண்டும் என்பது முறை. வெள்ளத்தைத் தடுக்க அது தேவை. ஆனால் வேலி போட்டு 'பஹாயா' (ஆபத்து) என்று பலகை மாட்டிய குளத்தைக் காட்டிப் பிள்ளைகளை விளையாடப் போகச் சொல்ல முடியாது.

சரி, கருத்து யாரிடம் கேட்கிறார்கள்? இதற்கான சட்டம் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். அதன்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உள்ளூர்த் திட்டம் தயாரிக்க வேண்டும். எந்த நிலம் வீடு, எந்த நிலம் தொழிற்சாலை, எது பச்சை என்பது அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. வரைவு தயாரானதும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தால் நேரில் அழைத்தும் கேட்பார்கள். அந்த நான்கு வாரத்தில் மன்றத்துக் கூடத்தில் போய் வரைபடம் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நானே போனதில்லை. அறிவிப்பு மலாய்ப் பத்திரிகையில் வரும். கிளினிக் சுவரில் ஒட்டுவார்கள். அதன்மேல் டிங்கிக் காய்ச்சல் சுவரொட்டி ஏறிவிடும்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் வேறு வழி. யாராவது திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பக்கத்து நிலம் என்றால் எல்லை தொடும் நிலம், அல்லது நடுவில் 20 மீட்டருக்கு மிகாத சாலையோ கால்வாயோ இருக்கிற நிலம். முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டர் வரை. இங்கே பார்க்க வேண்டியது மீட்டரை அல்ல, 'உரிமையாளர்' என்ற சொல்லை. கிராண்ட்டில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் இருப்பவர்தான் உரிமையாளர். அறுபது வருடம் அந்தத் திடலுக்கு எதிர் லயத்தில் குடியிருந்தவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். அவருக்குப் பதிலாக, ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்குக் கடிதம் போகும்.

மன்றத்தில் நம் பிரதிநிதி இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிறார். ஆனால் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டது; 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதற்கு முடிவே கட்டிவிட்டது. இப்போது ஒரு மன்றத்தில் தலைவர் போக 8 முதல் 24 பேர் வரை உறுப்பினர்கள், எல்லோரும் மாநில அரசு நியமித்தவர்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள், எங்கள் உறுப்பினரும் போன் எடுப்பவர்தான். ஓட்டுப் போட்டு அனுப்பாதவரிடம் கேள்வி கேட்கும் தொனி மட்டும் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.

பூங்காவும் தோட்ட மக்களும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட கதை ஒன்று தலைநகரிலேயே நடந்தது. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தை 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தொழிலாளர்களைத் தற்காலிகம் என்று சொல்லி நீள்வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டு நீண்டது. பக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்பு. இரண்டுக்கும் பொதுவாகத் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா. அந்தப் பூங்கா நிலத்தில் உயரமான அடுக்கு வீடுகள் கட்ட 2017இல் மாநகர மன்றம் அனுமதி கொடுத்தது. தோட்டத்துக்காரர்களுக்கு வீடு கட்டித் தருவதும் அதே திட்டத்தின் ஒரு பகுதி. குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாநகரின் வளர்ச்சியை வகுக்கும் கட்டமைப்புத் திட்டத்தில் பச்சை என்று எழுதிவிட்டு நினைத்தபோது மாற்ற முடியாது, மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு நெருடல். வழக்கு நடத்த வக்கீலும் பணமும் கிராண்ட்டும் கையில் இருந்தவர்கள் பூங்காவைக் காப்பாற்றினார்கள். அந்த நிலத்தில் பால் வெட்டியவர்கள் வீட்டுக்குக் காத்திருந்தார்கள். வீடு தர வேண்டுமானால் பூங்காவை விட்டுக்கொடு என்று இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான் தப்பு என்பேன். புத்ராஜெயா பக்கமும் போய்ப் பாருங்கள். பெராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்த இடத்தில் எழுந்த நகரம் அது. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமைக்கு என்று திட்டமிட்டார்கள். ஏரியும் தாவரவியல் பூங்காவும் பார்க்க அழகுதான். தோட்டத்து மக்கள் போனது டிங்கில் என்ற பக்கத்து ஊரின் அடுக்கு வீடுகளுக்கு.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த வாரம் நில அலுவலகத்துக்குப் போனேன். யாருடைய கிராண்ட்டையும் யாரும் பார்க்கலாம். சாரியான் என்பார்கள், சிறு கட்டணம்தான். லாட் எண் மட்டும் தெரிந்திருக்க வேண்டும், அது வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. பார்த்ததில் தெரிந்தது இது. திடல் பகுதியை மேம்பாட்டாளர் ஒப்படைத்துவிட்டார், அது மாநில அரசு நிலம். அதை ஒட்டிய துண்டு, அதாவது வரைபடத்தில் ஃபுட்சால் திடலும் நடைபாதையின் பாதியும் வருகிற இடம், இன்னும் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. சரி, திடல் பகுதியாவது பூங்காவுக்கென்று அரசிதழில் ஏறிவிட்டதா என்று கேட்டேன். "டாலாம் ப்ரோசஸ், என்சிக்" (நடந்துகொண்டிருக்கிறது, ஐயா) என்று சிரித்தபடி சொன்னார் முகப்பில் இருந்த பெண்.

இந்த அரசிதழ்தான் முழு விஷயமும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 62ஆவது பிரிவு: மாநில அரசு தன் நிலத்தை ஒரு பொதுத் தேவைக்கென்று ஒதுக்கலாம், எந்த நிலம், என்ன தேவை, எந்த அதிகாரியின் பொறுப்பு என்று அரசிதழில் போட வேண்டும். போட்டுவிட்டால் அதை ரத்து செய்ய 64ஆவது பிரிவின் வழியாகத்தான் போக முடியும். முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சேபம் உள்ளவர்களை அழைத்து விசாரணை நடத்த வேண்டும். அரசிதழில் ஏறாத நிலம் வெறும் அரசு நிலம். அதை நாளைக்கு வேறொருவருக்கு எழுதிக் கொடுக்க எங்களை மண்டபத்துக்குக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. ஏறிய நிலத்தைக்கூட 63ஆவது பிரிவின்படி 21 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் என்னைப் பிறகு திட்டக்கூடாது. என்றாலும் திரைச்சீலைக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது.

அதனால் ஊஞ்சல் பேச்சு வீண் என்று சொல்லவில்லை. பூங்கா ஓடுவதும் பாழாவதும் அந்தச் சின்ன விஷயங்களில்தான், அன்றைக்கு மண்டபத்தில் வந்த யோசனைகளில் சில அதிகாரிகளின் வரைபடத்தைவிட நன்றாகவே இருந்தன.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் திடல் நான்கு மணிக்கு நிரம்பியது, ஏனென்றால் வேலை மதியத்தோடு முடிந்தது. இப்போது எங்கள் ஊர் ஆட்கள் பாதிப்பேர் ஃபேக்டரி பஸ்ஸில் போகிறவர்கள். ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீடு வர எட்டாகும். பூங்கா அவர்களுக்கு இரவில்தான் வேண்டும். வரைபடத்தில் விளக்கு நுழைவாயிலில் இரண்டு, வக்காஃப் எனும் ஓய்வுக் குடில் பக்கம் ஒன்று. நடைபாதை முழுக்க இருட்டு. எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி எழுந்து, "விளக்கு இல்லாத நடைபாதை எங்களுக்கு இல்ல, குடிக்கிறவங்களுக்கு" என்றார். கூட்டத்தில் கைத்தட்டல் கிடைத்த ஒரே பேச்சு அது. அவருக்கு அடுத்து ஓர் அம்மா கழிப்பறை கேட்டார். மூன்று வக்காஃப் இருக்கிற படத்தில் ஒரு கழிப்பறை இல்லை.

நிழல் அடுத்தது. தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஏரிக்கரைச் சாலையில் மழைமரங்கள் கிளையைத் தண்ணீர் வரை இறக்கி நிற்கும். 1880களில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தில் உருவாக்கிய பூங்கா அது. நிழல் வாங்கக் கிடைக்காது, விளையத்தான் வேண்டும். இப்போது புதுப் பூங்காக்களில் நடுகிற ஒல்லிப் பனை வகைகளுக்கு லோரியிலிருந்து இறக்கிய அன்றே படம் எடுக்கலாம் என்பது ஒரு வசதி. அதன் நிழல் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. எங்கள் திடலில் ஏற்கெனவே ஒரு மழைமரம் நிற்கிறது. அதன் கீழே கார் நிறுத்தலாம் என்று யோசித்தவர் நிழலின் அருமை தெரிந்தவர்தான், காருக்குத் தெரிந்த அளவுக்கு.

சறுக்குமரத்துக்குக் கீழே சிவப்பும் நீலமுமாக ஒரு ரப்பர் விரிப்பு போடுவார்கள். பிள்ளை விழுந்தால் அடிபடாது, நல்லதுதான். அது செயற்கை ரப்பர், பெட்ரோலியத்திலிருந்து வருவது. என் அப்பா முப்பது வருடம் பால் வெட்டிய ஊரில் ரப்பர் வெளியிலிருந்து வந்து இறங்குகிறது.

கோயில் பேச்சு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலின் ஓரத்தில். தீமிதிக்குத் திடலில்தான் குழி வெட்டுவோம். பூங்கா ஆனபின் நடைபாதைக் கல்லைப் பெயர்க்க விடுவார்களா? அதிகாரி, பூங்காவில் நிகழ்ச்சி நடத்த மன்றத்தில் பெர்மிட் வாங்கலாம் என்றார். நடைமுறையில் சரியான பதில். ஆனால் கோயில் நிற்கிற நிலம் எந்த லாட்டில் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வது கோயில் கமிட்டிக்கு நல்லது. பூங்கா எல்லையை அளக்கும்போது கல் எங்கே விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மண்டபத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இன்றைக்குச் செம்பனைக் குலை வெட்டுபவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும்தான். ஞாயிற்றுக்கிழமை திடலில் கிரிக்கெட் ஆடுபவர்கள் அவர்களே. திடலை மற்ற யாரையும்விட அதிகம் பயன்படுத்துகிறவர்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஃபுட்சால் திடலுக்கு வேலி போட்டுப் பூட்டி, சாவியைச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும், "வெளியாட்கள்" வரக்கூடாது என்று நம்மவர் ஒருவரே எழுந்து சொன்னார். எங்கள் தாத்தாக்களைப் பற்றி யாரோ ஒரு காலத்தில் இதே குரலில் பேசியிருப்பார்கள். நான் எதுவும் சொல்லாமல் தே ஓ குடித்தேன். அது சரியில்லை.

பராமரிப்பு பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கட்டப் பணம் ஒரு வழியாகக் கிடைத்துவிடும். கூட்டரசு அளவில் தேசிய நிலவனப்பு இலாகா இருக்கிறது, ஒதுக்கீடு வரும், பெயர்ப்பலகை திறப்பார்கள். அப்புறம் புல் வெட்டுவதும் பல்ப் மாற்றுவதும் மாவட்ட மன்றத்தின் வீட்டுவரி வசூலிலிருந்து. சிறிய மன்றத்துக்கு வசூல் சிறியது. ஆகவே குறைவாகக் கட்டுங்கள், நிறைய மரம் நடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கருத்துப் படிவம் ஒரு பக்கம்தான், மலாயில். பாட்டிக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி. அடுத்து இரண்டு கட்டங்கள்: பெமிலிக், பென்யேவா. உரிமையாளர், வாடகைக்காரர். "நான் எதுல அடிக்கிறது தம்பி?" என்று கேட்டார். லயத்து வீடு அவருடையதும் இல்லை, அவர் வாடகை கொடுத்ததும் இல்லை. இரண்டையும் காலியாக விட்டு, பக்கத்தில் பேனாவால் 'இங்கேயே பிறந்தவர்' என்று மலாயில் எழுதினேன். கருத்துப் பகுதியில் அவர் சொல்லச் சொல்ல இரண்டு வரி: மழைமரத்தை வெட்ட வேண்டாம், கீழே ஒரு பெஞ்சு போடவும். அதற்குக் கீழே என் பங்குக்கு, 62ஆவது பிரிவின்கீழ் நிலத்தை அரசிதழில் ஏற்றிய தேதியைத் தெரிவிக்கவும் என்று சேர்த்தேன். பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "அது என்னமோ எழுது, பெஞ்ச மட்டும் விட்றாத" என்றார்.

திங்கட்கிழமை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் மன்றத்தில் கொடுத்தேன். ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். மற்றதில் தேதி முத்திரை குத்தித் தரச் சொன்னேன். தேடி எடுத்துக் குத்திக் கொடுத்தார்கள். அந்தப் பிரதி இப்போது பாட்டி வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.